விசில் வைக்கிற இடம்

துணியைத் தள்ளும் பல்லை இறக்கியாயிற்று. துணியை அழுத்திப் பிடிக்கும் பாதத்தையும் கழற்றி நூல் டப்பாவில் போட்டாயிற்று. இனி இந்தத் தையல் மெஷினுக்குத் துணியைத் தானாக முன்னால் தள்ளத் தெரியாது. ஊசி நின்ற இடத்திலேயே ஏறி இறங்கும். நான் நகர்த்தினால் நூல் நகரும், நான் யோசித்துக்கொண்டு நின்றுவிட்டால் ஒரே இடத்தில் குத்திக் குத்தி முடிச்சாக்கிவிடும். எம்பிராய்டரிக்கு இப்படித்தான் வைக்க வேண்டும். கை ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், மனசு எங்கே வேண்டுமானாலும் போகட்டும். கல்லூரி விடுமுறையில் கன்னியாஸ்திரிகள் நடத்திய தையல் வகுப்பில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள், அன்றைக்கு அது தையலைப் பற்றிய பேச்சு என்று நினைத்தேன். ஆடிக் காற்று ஜன்னல் கதவைத் தூக்கித் தூக்கிப் போடுகிறது. பாளையங்கோட்டையில் இந்த மாதத்தில் எதையும் மேசையில் வைக்க முடியாது, குற்றாலத்தில் சாரல் விழுந்தால் இங்கே புழுதி பறக்கும். கருநீலச் சட்டையை மடித்து, அது பறக்காமல் இருக்க அதன்மேல் இஸ்திரிப் பெட்டியை வைத்திருக்கிறேன். ஆறிய பெட்டிதான், இரண்டு தடவை தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வைத்தேன். நாளைச் சாயங்காலத்துக்குள் இந்தச் சட்டை முடிய வேண்டும். முடிந்து கனியின் உடம்பில் ஏற வேண்டும். ஏறி, அவள் வாசல்படி இறங்கித் தெருவுக்கு வர வேண்டும். மூன்றாவதுதான் காரியம், முதல் இரண்டும் அதற்காக. நாளைக்கு வராவிட்டால் அவள் பிறகு வரவே மாட்டாள். எனக்குத் தெரியும். வீட்டுக்குள் இருந்து பழகிவிட்டால் வீடு உடம்பில் ஒட்டிக்கொண்டுவிடும், ஓய்வு பெற்ற புதிதில் நான் அதில் பாதி வழி போய்த் திரும்பியவள்.

கனி, முழுப்பேர் ஜெபக்கனி. நான் சரித்திரம் சொல்லிக் கொடுத்த பள்ளிக்கூடத்தில் அவள் விளையாட்டு டீச்சர். நான் வகுப்புக்குள் சாம்ராஜ்யங்களைக் கவிழ்த்துக்கொண்டிருந்த காலமெல்லாம் ஜன்னலுக்கு வெளியே அவள் விசில் கேட்டுக்கொண்டே இருக்கும், பிள்ளைகளின் தலை ஒரே நேரத்தில் அந்தப் பக்கம் திரும்பும், நானும் திரும்புவேன். ஓய்வு பெற்ற பிறகு விடியற்காலையில் இரண்டு பேரும் மைதானத்தைச் சுற்றி நடந்தோம். அவள் நடந்தாள், நான் பின்னால் ஓடினேன் என்பதே சரி. பிறகு அவளுடைய இடது மார்பில் கட்டி. எடுத்துவிட்டார்கள். எழுந்துவிட்டாள், மறுபடியும் கொஞ்சநாள் நடந்தாள்கூட. அதற்குப் பிறகுதான் அந்தக் கை. அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் சேர்த்து எடுத்ததில் இடது கையில் நீர் இறங்க வழியில்லாமல் போய், மேல்கை மெல்ல மெல்ல வீங்கி, எந்த ஜாக்கெட்டின் கையும் அதில் ஏறாமல் போயிற்று. வியாதி அவளை வீட்டில் உட்கார வைக்கவில்லை, ஜாக்கெட்தான் உட்கார வைத்தது. யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். நான் ஒரு ஜாக்கெட்டின் இடது கையைக் கிழித்து ஒட்டுத் துணி வைத்துத் தைத்துக் கொடுத்தேன். போட்டுக் கண்ணாடியில் பார்த்தாள். "ஏட்டி, கைக்குப் பாவாட கட்டிவிட்ட மாதிரில்லா இருக்கு" என்று சிரித்தாள். வீட்டு நாய்கூடத் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள். கழற்றி மடித்து வைத்தாள். அதற்குப் பிறகு நைட்டியும் தோளில் ஒரு துண்டும்தான். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவதையும் விட்டாள். ஆராதனையை செல்போனில் கேட்கிறாள், பாட்டு வரும்போது எழுந்து நிற்கிறாளாம், யார் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்டதற்கு, "நான் பாக்கேன்லா" என்றாள்.

மரகதம் வந்து சொன்னதிலிருந்து ஆரம்பித்தது இது. கனி உருவாக்கிய எறிபந்து அணியின் பழைய கேப்டன் மரகதம், இப்போது அதே பள்ளியில் விளையாட்டு டீச்சர், தலையில் நரை, குரலில் மட்டும் வயதேறவில்லை. நாளைச் சாயங்காலம் பழைய மாணவிகள் எல்லாரும் சேர்ந்து ஓர் ஆட்டம் ஆடப்போகிறார்களாம். "எல்லாருக்கும் கருநீலச் சட்ட, டீச்சர். முன்னால பாக்கெட்டு, அதுல வெள்ள நூல்ல பேரு. டீ-ஷர்ட்டுதான் முதல்ல சொன்னேன். பாதிப் பேரு வரவே மாட்டேன்னுட்டாளுவ. இந்த வயசுல அந்த எழவப் போட்டுக்கிட்டு மருமகன் முன்னாடி நிக்கவான்னு கேக்காளுவ." கனி டீச்சர் விசில் ஊதினால்தான் ஆட்டம் ஆரம்பம் என்றும், அவளுக்கும் ஒரு சட்டை எடுத்துக்கொண்டு போனதாகவும், அவள் வாசலிலேயே நின்று வாங்கிப் பார்த்து, நன்றாக மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டதாகவும் சொன்னாள். "வேற யாருக்காவது குடு பிள்ள, எனக்குச் சேராதுன்னு சொல்லிட்டாவ, டீச்சர். என்ன கோவம் எம் மேல?" கோபம் இல்லை, கை என்று நான்தான் சொன்னேன். மரகதம் வாயில் கையை வைத்துக்கொண்டாள். அப்போதே முடிவு செய்தேன். ஆண்கள் கடையில் இருப்பதிலேயே பெரிய அளவில் கருநீலச் சட்டை இரண்டு வாங்கிவரச் சொன்னேன், ஒன்று உடுத்த, ஒன்று வெட்ட. பேரை நான் போட்டுக்கொள்கிறேன் என்றேன். சேலைக்கு ஜாக்கெட்டாக இதையே போட்டுக்கொள்ளலாம், கழுத்துப் பட்டன் மட்டும் திறந்திருக்கட்டும். கனிக்கு எடுப்பாக இருக்கும். அவள் எப்போதும் பாதி போலீஸ்காரி.

கைதான் பெரிய வேலை என்று நினைத்தேன். அது இல்லை. இடது கையைப் பிரித்து, இரண்டாவது சட்டையிலிருந்து வெட்டிய துணியை அக்குளில் சாய்சதுரமாக வைத்து, அகலமாக்கி ஏற்றினேன். பிறகு தூக்கிப் பார்த்தால் ஒரு கை பையாகவும் ஒரு கை குழாயாகவும் தொங்கியது, தூரத்திலிருந்தே காட்டிக் கொடுத்துவிடும். வலது கையையும் பிரித்தேன், அதையும் அதே அளவு அகலமாக்கினேன். அது மறைப்பதுதான். இருக்கட்டும், கை அவளுக்குக் கஷ்டம், கையை மறைக்கலாம். ஆனால் சட்டையைக் கையில் வாங்கிய உடனே, கைக்கெல்லாம் முன்பே, நான் செய்த முதல் காரியம் இடது மார்பில் இருந்த பாக்கெட்டைப் பிரித்ததுதான். யோசிக்கக்கூட இல்லை. பிளேடு தானாகப் போனது. அந்தப் பக்கம் தட்டையாக இருக்கும், பாக்கெட் இருந்தால் தொங்கும், அதன்மேல் வெள்ளையாகப் பேரும் இருந்தால் பார்க்கிறவர்கள் பேரைப் படிக்கும் சாக்கில் அங்கேயே பார்ப்பார்கள், அதனால் பாக்கெட்டை எடுத்துவிட்டு வலது பக்கம் பேரைப் போடுவோம் என்று அந்தப் பிளேடுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. இன்றைக்குச் சட்டையை ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்க்கிறேன், பாக்கெட் இருந்த இடத்தில் ஊசித் துளைகள் வரிசையாக வெளிச்சம் விடுகின்றன. தண்ணீர் தெளித்து நகத்தால் நீவினேன். இஸ்திரி போட்டேன். கடைச் சட்டைக்குக் கஞ்சி அதிகம், துளை மூடவில்லை. கனி பார்த்துவிடுவாள். எல்லாரும் பேரை இடது பக்கம் போட்டுக்கொண்டு நிற்க அவளுக்கு மட்டும் வலது பக்கம், இடது பக்கத்தில் பிடுங்கிய தடம். ஏன் என்று கேட்க மாட்டாள், அதுதான் பயம். மடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுவாள், நன்றாகவே மடிப்பாள்.

இடமா, வலமா. காலையிலிருந்து இந்த ஒரு கேள்வி, தோசைக்கல் முன்னால் நிற்கும்போதும், துணி உலர்த்தும்போதும். இடது பக்கம் வைத்தால் நான் அவளைக் கூட்டத்துக்கு நடுவில் நிறுத்திக் காட்டுகிறவள் ஆவேன். வலது பக்கம் வைத்தால் அவளை நான் எப்படிப் பார்க்கிறேன் என்பதை வெள்ளை நூலால் எழுதிக் கொடுத்தவள் ஆவேன். முதுகில் போட்டால் என்ன, ஆட்டக்காரர்கள் முதுகில் போட்டுக்கொள்வது உண்டுதானே, என்று ஒரு நேரம் தோன்றியது, வெட்கமாக இருந்தது. மனசு தப்பிக்க வழி கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரி. கடைசியில் இந்த வழியைக் கண்டுபிடித்தேன்: பிரித்த பாக்கெட் துண்டிலேயே பேரைப் போடுவது. போட்டு முடித்த பிறகு எந்தப் பக்கம் தைப்பது என்று பார்த்துக்கொள்ளலாம். கை வேலையில் இருக்கும், முடிவு காத்திருக்கும். அதனால் இதோ, பாக்கெட் துண்டைப் பழைய வேட்டித் துணிமேல் நூலோட்டி, வேட்டியை எம்பிராய்டரி வளையத்தில் தலைகீழாக மாட்டி, தோல்மேளம் போல இறுகும்வரை இழுத்து, தட்டிப் பார்த்து, ஊசிக்குக் கீழே வைத்திருக்கிறேன். "கனி டீச்சர்னு போடுங்க" என்றாள் மரகதம். ஆஸ்பத்திரியில் ஜெபக்கனி என்று கத்திக் கூப்பிடுவார்கள், அவள் முகம் அப்போது வேறு யாருடையதோ போல ஆகிவிடும். முழுப் பேரும் வேண்டாம், டீச்சரும் வேண்டாம். கனி. இரண்டு எழுத்து, பெரிதாக.

சக்கரத்தைக் கையால் ஒரு சுற்று சுற்றி, கீழ் நூலை மேலே வரவழைத்து, மிதிக்கிறேன். முதலில் ஒரு கோடு, மேலிருந்து கீழே. பிறகு அந்தக் கோட்டுக்கு மேலேயே இடதும் வலதுமாக வளையத்தை ஆட்டி ஆட்டி நிரப்ப வேண்டும், நூல் பட்டையாகப் படியும். தகதக தகதக என்று மெஷின் ஓடும், வளைவில் மெதுவாக்கினால் தக தக, தக, தக, என்று அளவு மாறும், இந்தச் சத்தத்தை நான் கல்லூரி நாளிலிருந்து கேட்கிறேன், எழுதாத கவிதை வரிகளெல்லாம் இந்த நடையில்தான் வந்தன. அச்சில் வந்தது ஒன்றே ஒன்று, கல்லூரி மலரில். பிற்பாடு ஒருநாள் கனி அதைப் படித்துவிட்டு, "ஏட்டி, நல்லாருக்கு. இதுல யாரு செத்தது?" என்று கேட்டாள். யாரும் சாகவில்லை, அது மழையைப் பற்றியது. அதற்குப் பிறகு நான் எழுதினால் அவளுக்குக் காட்டுவதில்லை, அவளுக்குக் காட்டாததை வேறு யாருக்கும் காட்டத் தோன்றவில்லை. க எழுத்தின் குறுக்குக் கோடு. இனி அந்தச் சுழி, இடதுபக்க வயிறு. விரல் ஊசிக்கு மிக அருகில் போகிறது. பாதம் இல்லாத ஊசிக்கு விரலும் துணியும் ஒன்றுதான். ஊசி. அவளுடைய இடது கையில் இனி ஊசி போடக் கூடாது, இரத்த அழுத்தம் பார்க்கக்கூட அந்தக் கையில் பட்டை சுற்றக் கூடாது, வளையல் கூடாது, பூனை பிராண்டக் கூடாது. என்னென்ன கூடாது என்று சொல்லி அனுப்பிய டாக்டரம்மா, என்ன செய்யலாம் என்று எதையும் சொல்லவில்லை. நான் குளிக்கும்போது என் கை என் உடம்பில் தேடுகிறது. சோப்பு போடுவது போலத்தான் போகும், அக்குளுக்கு அருகே போய் நின்றுவிடும், விரல் நுனியால் அழுத்தும், ஒன்றும் இல்லை, நேற்றும் இல்லை, நாளைக்கு இருக்கலாம். தண்ணீரை மொண்டு தலையில் ஊற்றி அந்தக் கையை விரட்ட வேண்டியிருக்கிறது. இதைக் கனியிடம் சொன்னதில்லை. சொன்னால், "எங்கிட்ட இருக்கும்போது உனக்கு என்னத்துக்கு, போட்டியா?" என்பாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவள் வீட்டுக்கு வந்த முதல் நாள் நினைவு வருகிறது. வந்தவர்கள் எல்லாரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். கழுத்துக்குக் கீழே கண் இறங்கிவிடக் கூடாது என்று அத்தனை பேரும் பாடுபட்டார்கள், சபை ஊழியக்காரர் ஒருவர் ஜெபத்தை முடித்துவிட்டுக் கண்ணைத் திறக்கவே அஞ்சினார். அவர்கள் போன பிறகு நானும் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் பேரைச் சொல்லி அதட்டினாள். "ஏட்டி ஆவுட, எம் மூஞ்சில என்ன, சினிமாவா ஓடுது? கீழ பாரு. ஒரு தடவ பாத்துரு. பொறவு நீ நிம்மதியா காப்பி குடிப்ப." கதவைச் சாத்திவிட்டு நைட்டியின் பட்டனைக் கழற்றினாள். பார்த்தேன். நெஞ்சின் நடுவிலிருந்து அக்குளை நோக்கிச் சாய்ந்து ஏறும் ஒரு கோடு, இருபுறமும் சின்னச் சின்னத் தடங்கள். தைக்கிறவளுடைய கண் தையலைத்தான் முதலில் பார்க்கும், அதற்கு நான் என்ன செய்ய. நேராகப் போட்டிருக்கிறார்களே என்று நினைத்தேன், நினைத்தது வாயில் வந்துவிட்டது. "நல்லா தச்சிருக்காவளே." கனி ஒரு நொடி என்னைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள், தையல் வலிக்க வலிக்க, வலது கையால் அந்தப் பக்கத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், சிரித்ததில் கண்ணில் தண்ணீர் வந்து, அது எந்தத் தண்ணீர் என்று இரண்டு பேருமே கேட்டுக்கொள்ளவில்லை. "ஆமா, நல்லாத்தான் தச்சிருக்கான். விசில் வைக்கத்தான் எடம் இல்லாமப் போச்சு." காப்பி குடித்தோம். அவள் சொன்னது போலவே நிம்மதியாகத்தான் இருந்தது.

நூல் அறுந்துவிட்டது. பட்டு நூல் இப்படித்தான், சுழியில் அறும். கோக்க வேண்டும். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கோப்பதற்குள் போன். கனி. தெரியும், இந்த நேரத்தில் கூப்பிடுவாள் என்று தெரியும். "ஏளா, என்ன செய்யுத?" சும்மாதான் இருக்கிறேன் என்றேன். "சும்மா இருக்கவ வீட்டுல என்ன தடதடன்னு சத்தம்? முதல் தடவ அடிச்சப்ப எடுக்கவும் இல்ல." எனக்குக் கேட்கவில்லை, காற்று என்றேன். ஜன்னல் நல்ல நேரத்தில் ஒரு தடவை அடித்துச் சாட்சி சொன்னது. "நாளைக்கு என்னக் கூப்பிட வந்துராத. சொல்லிட்டேன். வாசல்ல வந்து நின்னுக்கிட்டு, நீ வராட்டா நானும் போகலன்னு நாடகம் போடாத. நீ போ. போயிட்டு வந்து யாரு யாரு எப்பிடி ஆடுனாளுவன்னு சொல்லு." மரகதத்துக்கு மூட்டு வலி, அவளால் குதிக்க முடியாது, எப்படி ஆடுவாள் என்று நான் எதையோ சொன்னேன். "அவளுக்கு எப்பமும் இடது கால்தான் முதல்ல வரும். நூறு தடவ சொல்லியாச்சு. அத மட்டும் பாத்துட்டு வா." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஆவுட, உள்ளதச் சொல்லுதேன். கையக்கூட விடு. அத்தன பிள்ளையளும் என் மூஞ்சியவே பாக்கும். எல்லாம் நான் வளத்த பிள்ளைய. அதுக எம் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நிக்கத என்னால பாக்க முடியாது." வைத்துவிட்டாள்.

நூலைக் கோத்தேன். கோத்துவிட்டு மிதிக்காமல் உட்கார்ந்திருக்கிறேன். என் மூஞ்சியவே பாக்கும். அவளுக்குப் பயம் பார்ப்பதில் இல்லை. பார்க்காமல் இருப்பதில். இவ்வளவு காலம் பழகியும் எனக்கு இது இப்போதுதான் எட்டுகிறது, பாக்கெட்டைப் பிரித்த அந்தப் பிளேடு நன்றாகத்தான் அவளைப் பார்க்காமல் இருந்திருக்கிறது, என் கையாலேயே. வலது பக்கம் பேரைப் போட்டால் மைதானம் முழுவதற்கும் நான் எழுதிக் கொடுப்பேன்: இடது பக்கம் பார்க்காதீர்கள் என்று. மிதிக்கிறேன். னியின் முதல் சுழி. கோபம் வந்தால் தையல் நெருக்கமாக விழுகிறது, நல்லதுதான். இரண்டாவது சுழி. அந்தக் கை ஞாபகம் வருகிறது. வீங்கிய கை இல்லை, வலது கை. பள்ளிக்கூட நாளில் கனியின் விசில் கறுப்புக் கயிற்றில் கழுத்தில் கிடக்கும், ஆனால் வெளியே தொங்காது. ஓடும்போது நெஞ்சில் மோதும் என்று ஜாக்கெட்டுக்குள், இடது பக்கம் செருகியிருப்பாள், மற்ற பெண்கள் சில்லறைப் பர்ஸ் செருகுகிற இடத்தில். வலது கை இடது மார்புக்குப் போனால் விசில் வரப்போகிறது என்று பிள்ளைகளுக்குத் தெரியும். ஊத வேண்டியதே இல்லை. கை அங்கே போகும், வரிசை நேராகிவிடும், பேச்சு நின்றுவிடும். காலைக் கூட்டத்தில் டீச்சர்கள் வரிசையில் நானும் முதுகை நிமிர்த்துவேன், என்னையறியாமல். ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு விடியற்காலை, நாங்கள் மைதானத்தில் நடந்துகொண்டிருந்தபோது, இரண்டு பையன்கள் மோட்டார் சைக்கிளை நடைபாதையில் ஏற்றிப் பாய்ந்து வந்தார்கள். கனியின் வலது கை இடது மார்புக்குப் போனது. போய், சேலைமேல் தடவியது. அங்கே ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகு இறங்கியது. "தடிப்பயலுவ" என்றாள், மெதுவாக. நடந்தோம். நான் முகத்தைத்தான் பார்த்தேன், வேறெங்கு பார்க்க. விசில் வைக்க எடம் இல்லாமப் போச்சு. அதைச் சிரிப்புக்குச் சொன்னாள் என்று வைத்துக்கொண்டேன். கவிதைக் காது என்று என்னை நானே மெச்சிக்கொள்கிறவள், ஒரு வரியைக் கேட்டுச் சிரித்துவிட்டுக் காப்பி குடிக்கப் போயிருக்கிறேன். போகட்டும். இப்போது கேட்டுவிட்டதே. னிக்கு மேலே அந்தக் கொக்கி, கடைசி வளைவு, ஊசியைக் கீழேயே நிறுத்தி, வளையத்தைத் திருப்பி, ஏற்றி, முடித்து, நூலைப் பல்லால் கடித்தேன்.

இடது பக்கம்தான். பாக்கெட் இருந்த இடத்தில்தான். முடிவு ஒன்றும் பெரிய சத்தத்தோடு வரவில்லை, மெஷினின் பல்லை மேலே ஏற்றிப் பாதத்தை மாட்டும்போது என் கை ஏற்கெனவே சட்டையின் இடது மார்பை விரித்துக்கொண்டிருந்தது. வேட்டித் துணியைப் பின்னாலிருந்து சுற்றி நறுக்கினேன். கனி என்று வெள்ளையாக, கொஞ்சம் வலதுபக்கம் சாய்ந்து, கைவேலை என்று தெரிகிற மாதிரி இருக்கிறது. கம்ப்யூட்டர் மெஷினில் போட்ட மற்றவர்களின் பேர் இதைவிட நேராக இருக்கும், இருக்கட்டும். பாக்கெட்டைச் சட்டைமேல் வைத்தேன். நகத்தால் நீவியும் மூடாத அந்தத் துளைகள் இப்போது வழி காட்டின, எங்கே வைக்க வேண்டும் என்று அளக்கவே வேண்டியதில்லை. குண்டூசி குத்தி, பாதத்தை இறக்கி, மிதித்தேன். பல் துணியைத் தானாகத் தள்ளிக்கொண்டு போனது. எவ்வளவு நிம்மதி இது, நான் ஒன்றும் செய்ய வேண்டாம், நேராகப் போய்க்கொண்டே இருக்கும், மூலையில் திருப்பினால் போதும். தொங்குமா? தொங்கட்டும். மரகதம் முதலில் முகத்தைப் பார்ப்பாள், பிறகு பேரைப் படிப்பாள், அந்த இடம் தட்டையாக இருப்பதைப் பார்ப்பாள். பார்த்தபின் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. நான் காப்பி குடித்தேனே. மூலை, திருப்பு. கனி படியிறங்கும்போது எந்தப் பக்கம் நான் நிற்க வேண்டும், இடது பக்கம் நின்றால் மறைப்பதாக ஆகும், வலது பக்கமே நிற்பேன். மூலை, திருப்பு. வராவிட்டால்? வராவிட்டால் நான் நாடகம் போடுவேன். அவள் தடுத்திருக்கிறாள் என்பதாலேயே போடுவேன், வாசலில் நின்று போடுவேன், எனக்கு என்ன வெட்கம் இந்த வயதில். மூலை. நூலை அறுத்துவிட்டுப் போனை எடுத்தேன்.

"கனி, விசில் எங்க இருக்கு?" என்றேன். எந்த விசில் என்று கேட்டாள். "எத்தன விசில் வச்சிருக்க நீ?" அதற்கு, "மருந்து டப்பாக்குள்ள கெடக்கு. என்னத்துக்கு?" என்றாள். எடுத்துக் கழுவி வை, நாளைக்கு வேண்டும் என்றேன். "வரலன்னு சொன்னேன்லா. மரகதத்துக்கிட்ட வேற விசில் இருக்கும்." சட்டை தைத்திருக்கிறேன் என்றேன். கை போகும், இரண்டு கையும் அகலமாக வைத்திருக்கிறேன், இடது பக்கம் பாக்கெட் வைத்திருக்கிறேன், அதில் உன் பேர் இருக்கிறது என்று ஒரே மூச்சில் சொன்னேன், நிறுத்தினால் முடிச்சு விழுந்துவிடும். "இடப்பக்கமா?" இடப்பக்கம். "ஏளா, அங்கன ஒண்ணும் இல்லியே. பாக்கெட்டு தொங்குமே." விசில் உள்ளே இருந்தால் கனத்துக்கு நேராக நிற்கும் என்றேன். "எல்லாரும் பாப்பாவ." "பாக்கட்டும். ஒரு தடவ பாத்துட்டா பொறவு ஆட்டத்தப் பாப்பாவ. நீ சொன்னதுதான்." அந்தப் பக்கம் போனை எங்கோ வைக்கும் சத்தம். போய்விட்டாள் என்று நினைத்தேன். காற்று ஜன்னலைத் தூக்கியது, நான் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டேன், காதை எடுக்கவில்லை. தகர டப்பா திறக்கும் சத்தம், மாத்திரை அட்டைகள் சலசலவென்று சரியும் சத்தம், குழாயில் தண்ணீர். வெகுநேரம் தண்ணீர். பிறகு என் காதுக்குள் விசில், முழு மூச்சில், உள்ளே தக்கை உருண்டை உருள உருள, நீளமாக. நாற்காலியில் என் முதுகு நிமிர்ந்துவிட்டது. தெருவில் யாரோ நின்றிருந்தால் அவர்களும் நிமிர்ந்திருப்பார்கள்.

"உருளுது" என்றாள் கனி. மூச்சு வாங்கியது. கொஞ்சம் பொறுத்து, "அஞ்சு மணிக்கு வந்துரு. ஆட்டோ வேண்டாம், நடந்து போவோம். பிந்துன, உன்ன மைதானத்தச் சுத்தி ஓட விட்டுருவேன்." வைத்துவிட்டாள். நான் சட்டையை எடுத்து மடியில் போட்டு, விசில் போட்டால் எவ்வளவு ஆழம் போகும் என்று பார்ப்பதற்காக இரண்டு விரலைப் பாக்கெட்டுக்குள் விட்டேன். விரல் போகவில்லை. இன்னொரு பக்கம் விட்டுப் பார்த்தேன், போகவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தால், பல் தள்ளிக்கொண்டு போன நிம்மதியில், திருப்பு, திருப்பு என்று போய், வாய்ப்பக்கத்தையும் சேர்த்து நாலு புறமும் தைத்து மூடியிருக்கிறேன். யாரும் இல்லாத வீட்டில் சத்தமாகச் சிரித்தேன். நல்லா தச்சிருக்காவளே. பிளேடை எடுத்தேன். சட்டையை வெளிச்சத்துக்கு நேரே திருப்பி, கனி என்ற எழுத்துக்கு மேலே, முதல் தையலின் கீழே முனையை மெதுவாக நுழைத்து அறுத்தேன். அடுத்தது. அதற்கு அடுத்தது.